அரை மணியில் மறைவதும் ஒரு மாதம் தங்குவதும்: வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பெப்டைடு ஊசிகள் பற்றி

தண்டையார்பேட்டையில் நான் மருந்தாளுநராகப் பணிபுரியும் மருந்துக்கடைக்கு மாலை நேரங்களில் வருபவர்களில் சுற்றுவட்டார ஜிம்களில் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் கணிசமாக உண்டு. அவர்கள் கேட்டு வாங்குவது பெரும்பாலும் இன்சுலின் சிரிஞ்சும் ஸ்பிரிட் பஞ்சும்தான். யாருக்கு என்று விசாரித்தால் சிலர் வீட்டிலிருக்கும் பாட்டியின் பெயரைச் சொல்வார்கள். சிலர் மறைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லுகிறவர்கள் அண்மைக் காலமாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "அக்கா, டெய்லி போடுற சி.ஜே.சி நல்லதா, வாரத்துக்கு ஒரு வாட்டி போடுறது நல்லதா?"

சி.ஜே.சி என்பது, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும்படி உடலைத் தூண்டும் பெப்டைடு ஊசி ஒன்றின் பெயர்; பெப்டைடு என்றால் அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. கூட்டம் நிற்கும் நேரத்தில் கடை மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு இதற்கு நேர்மையான பதிலைச் சொல்லி முடிக்க இயலாது என்பதால் இங்கே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். குறுகிய நேரம் வேலை செய்யும் வடிவத்துக்கும் நீண்ட நாள் வேலை செய்யும் வடிவத்துக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு ஊசியின் எண்ணிக்கையிலும் இல்லை, வீரியத்திலும் இல்லை. ஏதேனும் தவறாகப் போனால் மருந்தை நிறுத்திவிட முடியுமா, முடியாதா என்பதில்தான் இருக்கிறது. முதலாவதை நிறுத்தினால் அன்றே நின்றுவிடும். இரண்டாவதை நிறுத்துவது என்பது அடுத்த ஊசியைப் போடாமல் இருப்பது மட்டுமே, ஏற்கெனவே உடலுக்குள் போனதை எந்த மருத்துவராலும் வெளியே எடுக்க முடியாது.

இதைப் புரிந்துகொள்ள, உடல் தன் வளர்ச்சி ஹார்மோனை எப்படிச் சுரக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு இரண்டு விதமான செய்திகளை அனுப்புகிறது. வளர்ச்சி ஹார்மோனை வெளியிடச் சொல்லும் தூண்டு ஹார்மோன் ஒன்று; நிறுத்தச் சொல்லும் சொமாட்டோஸ்டாட்டின் மற்றொன்று. இவை இரண்டும் மாறி மாறி ஓங்குவதால் வளர்ச்சி ஹார்மோன் ஒரே சீராக வழியாமல் அலை அலையாக வெளிவருகிறது. இரவில் ஆழ்ந்த உறக்கத்தின் முதல் கட்டத்தில் எழும் அலை பெரியது. இரண்டு அலைகளுக்கு இடையில் இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்னும் நிலைக்கு இறங்கிவிடுகிறது. இதனால்தான், ஏதோ ஒரு நேரத்தில் இரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோனை அளப்பதை மருத்துவர்கள் நம்புவதில்லை. அந்த ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்னும் பொருளை அளக்கிறார்கள், ஏனெனில் அது நாள் முழுவதும் ஓரளவு நிலையாக இருக்கும். இந்த அலை, அலைக்கு இடையிலான பள்ளம் என்னும் இரண்டையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் எல்லாமே அந்தப் பள்ளத்தைப் பற்றியதுதான்.

தூண்டு ஹார்மோனை ஆய்வாளர்கள் கண்டெடுத்தது 1982-ஆம் ஆண்டில். மூளையில் அது மிக நுண்ணிய அளவில் இருந்ததால் பல ஆண்டுகள் தேடியும் பிடிபடவில்லை. கடைசியில் அது கிடைத்த இடம் கணையம்: கை, கால், தாடை எலும்புகள் பெருத்துப்போகும் அக்ரோமெகலி என்னும் நோயால் பாதிக்கப்பட்டிருந்த நோயாளிகளின் கணையக் கட்டிகள் இந்த ஹார்மோனை மிகுதியாகச் சுரந்துகொண்டிருந்தன. அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த இரு குழுக்கள் அதைப் பிரித்தெடுத்தன. அவற்றில் ஒன்றின் தலைவர் 1977-இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் கில்லெமின். அந்த ஹார்மோன் 44 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி என்றும், முதல் 29 இருந்தாலே முழு வேலையும் நடந்துவிடும் என்றும் தெரிய வந்தது. இன்று விற்கப்படும் பெயர்கள் பலவும் அந்த 29-ஐ வெவ்வேறு விதமாகத் திருத்தியவையே.

ஏன் திருத்த வேண்டும்? இயற்கையான ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கிறது. டி.பி.பி-4 என்னும் நொதி அதன் முன்முனையில் இரண்டாவது, மூன்றாவது அமினோ அமிலங்களுக்கு இடையே வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட சங்கிலி பிட்யூட்டரியைத் தூண்டாது. இந்த நொதியின் பெயர் பலருக்குப் புதிதாக இருந்தாலும் அதைத் தடுக்கும் மாத்திரைகள் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. சர்க்கரை நோய்க்காக எழுதித் தரப்படும் வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், டெனலிகிளிப்டின் ஆகியவை தடுப்பது இதே டி.பி.பி-4-ஐத்தான், அங்கே காப்பாற்றப்படுவது இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன். ஓர் ஊசிப் பெப்டைடின் ஆயுளைக் குறைப்பதும் நம் பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை அடக்கி வைப்பதும் ஒரே நொதி என்பது, உடலின் ஒரு மூலையைத் தொட்டால் இன்னொரு மூலை அசையும் என்பதை எனக்கு எப்போதும் நினைவூட்டும் செய்தி.

குறுகிய நேர வடிவங்களில் மூத்தது செர்மோரெலின். அது அந்த 29 அமினோ அமிலங்களைத் திருத்தமின்றி அப்படியே கொண்டது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 11 அல்லது 12 நிமிடங்கள். அமெரிக்காவில் 1990-களில் பிட்யூட்டரியின் திறனைச் சோதிப்பதற்கும், பின்னர் வளர்ச்சி ஹார்மோன் குறைவுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சைக்கும் அனுமதி பெற்றிருந்தது. 2008-இல் தயாரிப்பாளரே அதை நிறுத்திவிட்டார். பாதுகாப்புக் குறைபாட்டாலோ பயனின்மையாலோ அது விலக்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பின்னர் தெளிவுபடுத்தியது. இரண்டாவது டெசாமோரெலின். இதில் 44 அமினோ அமிலங்களும் உண்டு. முன்முனையில் ஒரு சிறு கொழுப்பமிலத் தொகுதியை ஒட்டி நொதியின் வெட்டிலிருந்து அதைக் காத்திருக்கிறார்கள். அப்படியும் அதன் அரை ஆயுள் அரை மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. எச்.ஐ.வி சிகிச்சை பெறுபவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் நிலைக்காக 2010-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. தினமும் ஓர் ஊசி போட வேண்டும். நிறுத்தினால் குறைந்த கொழுப்பு மீண்டும் சேர்ந்துவிடுகிறது. பெரிய அளவிலான, கட்டுப்பாட்டுடன் நடந்த ஆய்வுகளைக் கடந்து, இன்றும் மருத்துவரின் சீட்டில் எழுதப்படும் ஒரே தூண்டு ஹார்மோன் வடிவம் இதுதான் என்பதையும், அது குறுகிய நேர வடிவம் என்பதையும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கும்கூட, புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தரக் கூடாது, இரத்தச் சர்க்கரையைக் கண்காணிக்க வேண்டும் என்ற எச்சரிக்கைகள் மருந்துத் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன.

இனி நீண்ட நாள் வடிவம். கனடாவின் மாண்ட்ரியலில் இயங்கிய கான்ஜுகெம் என்னும் நிறுவனம் அந்த 29 அமினோ அமிலங்களில் நான்கை மாற்றியது. இரண்டாவது இடத்தில் உள்ள மாற்றம் டி.பி.பி-4 வெட்டாமல் காக்கிறது. எட்டு, பதினைந்து, இருபத்தேழாம் இடங்களில் உள்ள மாற்றங்கள் சங்கிலி சிதையாமலும் வீரியம் குறையாமலும் காக்கின்றன. இதுவரை செய்தது சங்கிலியைச் சற்று உறுதியாக்கும் வேலைதான். இந்த நான்கு மாற்றங்களால் மட்டும் அதன் ஆயுள் நாள் கணக்கை எட்டிவிடுவதில்லை. உண்மையான மாற்றம் சங்கிலியின் பின்முனையில் செய்யப்பட்டது. அங்கே ஒட்டப்பட்ட, டி.ஏ.சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேதிக் கொக்கி, ஊசி போட்டவுடன் இரத்தத்தில் மிகுதியாக மிதக்கும் அல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அல்புமின் சங்கிலியில் 34-ஆம் இடத்தில் உள்ள சிஸ்டீனுடன் அது அமைக்கும் பிணைப்பு தளர்ந்து விடுபடும் வகையைச் சேர்ந்ததன்று. அல்புமினுக்கு உடலில் ஏறத்தாழ 19 நாள் அரை ஆயுள் உண்டு. அதன் மேல் ஏறிக்கொண்ட பெப்டைடும் சிறுநீரகத்தால் வடிகட்டப்படாமல், நொதிகளுக்கு எளிதில் அகப்படாமல், அதனுடனேயே நாள்கணக்கில் சுற்றி வருகிறது. இதுதான் சி.ஜே.சி-1295.

வேதியியலாக இதைப் பார்க்கும்போது எனக்கு வியப்பு உண்டாகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆரோக்கியமான பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், ஒரே ஊசிக்குப் பிறகு வளர்ச்சி ஹார்மோனின் சராசரி அளவு இரண்டு முதல் பத்து மடங்கு வரை உயர்ந்து ஆறு நாள்களுக்கு மேல் நீடித்தது, ஐ.ஜி.எஃப்-1 ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை உயர்ந்து 9 முதல் 11 நாள்கள் வரை நீடித்தது. மருந்தின் அரை ஆயுள் 5.8 முதல் 8.1 நாள்கள். பல ஊசிகள் போட்டவர்களிடம் ஐ.ஜி.எஃப்-1 பழைய நிலைக்கு மேலே 28 நாள்கள் வரை நின்றது. வாரத்துக்கு ஒரு ஊசி என்ற பேச்சு இந்த எண்களிலிருந்து பிறந்ததே.

அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிட முக்கியமானது, ஆனால் ஜிம் பேச்சுகளில் அதன் பாதியே அடிபடுகிறது. இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான ஆண்களுக்கு சி.ஜே.சி-1295 ஊசி போட்டு, ஒரு வாரம் கழித்து, இரவு முழுவதும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தூண்டுதல் இடைவிடாமல் இருந்தாலும் வளர்ச்சி ஹார்மோன் அலைகள் மறையவில்லை. அலைகளின் எண்ணிக்கையும் உயரமும் ஏறத்தாழ முன்போலவே இருந்தன. "பார்த்தீர்களா, இயற்கையான அலை கெடவில்லை" என்று விற்பவர்கள் எடுத்துக் காட்டும் பாதி இதுதான். மறு பாதி: அலைகளுக்கு இடையிலான அடிமட்ட அளவு 7.5 மடங்கு உயர்ந்திருந்தது. சராசரி வளர்ச்சி ஹார்மோன் 46 விழுக்காடு கூடியதற்கும், ஐ.ஜி.எஃப்-1 45 விழுக்காடு கூடியதற்கும் பின்னால் இருந்தது அந்த அடிமட்ட உயர்வுதான். அதாவது அலை உயரவில்லை, பள்ளம் நிரம்பியது. மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும் தெருக்குழாயைப் போல, இரண்டு அலைகளுக்கு நடுவே ஓய்ந்திருக்க வேண்டிய நேரத்திலும் ஹார்மோன் கசிந்துகொண்டே இருந்தது.

பள்ளம் நிரம்பினால் என்ன என்று கேட்கலாம். அக்ரோமெகலியை மருத்துவர்கள் உறுதிசெய்யும் முறையே இதற்கான பதிலைத் தருகிறது. சந்தேகத்துக்குரியவருக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அதன் பின் வளர்ச்சி ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஆரோக்கியமான உடலில் அது அடிமட்டத்துக்கு வீழ்ந்துவிடும்; நோயுள்ள உடலில் வீழாது. எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைவிட, இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குகிறதா என்பதையே அந்தச் சோதனை கேட்கிறது. ஒரு சில வாரங்கள் பெப்டைடு போட்டவருக்கு அக்ரோமெகலி வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அந்த நோயில் ஹார்மோன் அளவுகள் மிக அதிகம், அவை ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. சொமாட்டோஸ்டாட்டினும் ஐ.ஜி.எஃப்-1-இன் எதிர்த் தடுப்பும் தொடர்ந்து செயல்படுவதால், வளர்ச்சி ஹார்மோனையே நேரடியாக அளவின்றி ஏற்றிக்கொள்வதைவிடத் தூண்டு பெப்டைடுகளுக்கு ஒரு கடிவாளம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓய்வு நேரம் உடலுக்குத் தேவையற்றது என்று கருத எந்த ஆதாரமும் இல்லாதபோது, அதை வாரக்கணக்கில் இல்லாமல் ஆக்கும் ஒரு பொருளை, பலசாலியாக இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் தன் வயிற்றில் குத்திக்கொள்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது நிறுத்துவதைப் பற்றிய கணக்குக்கு வருகிறேன். செர்மோரெலினின் அரை ஆயுள் 11 நிமிடம் என்றால், ஒரு மணி நேரத்தில் அது ஐந்து முறைக்கு மேல் பாதியாகிவிடும். நூற்றில் இரண்டு, மூன்று பங்குதான் மிஞ்சும். அதனால் எழுந்த வளர்ச்சி ஹார்மோன் அலையும் ஓரிரு மணிகளில் அடங்கும். முகம் சிவந்து சூடேறுதல், தலைவலி, ஊசி போட்ட இடத்தில் தடிப்பு என்று ஏதேனும் நேர்ந்தால் மறுநாள் ஊசியைத் தவிர்க்கலாம்; விஷயம் அதோடு தீர்ந்தது. சி.ஜே.சி-1295-க்கு அரை ஆயுளை ஏழு நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்தில் பாதியும், இரண்டு வாரத்தில் காற்பங்கும், மூன்று வாரத்தில் அரைக்காற்பங்கும் உடலில் இருக்கும். வாரந்தோறும் போட்டு வந்தவருக்கு முந்தைய ஊசிகளின் மிச்சமும் இதில் சேரும். வளர்ச்சி ஹார்மோன் மிகும்போது உடலில் நீர் தேங்கும், விரல்கள் காலையில் வீங்கி மோதிரம் இறுகும், மணிக்கட்டில் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும், மூட்டு வலிக்கும், இன்சுலினின் வேலை மந்தமாகி இரத்தச் சர்க்கரை ஏறும். இவை ஒவ்வொன்றும் மருந்தை நிறுத்தினால் பொதுவாகச் சரியாகக் கூடியவைதான், ஆனால் நிறுத்த முடிகிற மருந்துக்கு மட்டுமே அந்த ஆறுதல் பொருந்தும். சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அரிதாகிவிட்ட நம் பகுதியில், தாய்க்கும் தந்தைக்கும் சர்க்கரை இருக்கும் ஓர் இளைஞன், தன் உடலின் சர்க்கரைக் கட்டுப்பாடு எவ்வளவு உறுதியானது என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் இதைப் போட்டுக்கொள்வது, எந்தக் கோணத்திலும் நியாயமான துணிச்சலாக எனக்குத் தெரியவில்லை.

இதைவிட ஆபத்தானது பெயர்க் குழப்பம். மேலே சொன்ன நான்கு மாற்றங்கள் மட்டும் உள்ள, கொக்கி இல்லாத சங்கிலியும் சந்தையில் சி.ஜே.சி-1295 என்ற அதே பெயரில்தான் விற்கப்படுகிறது, "டி.ஏ.சி இல்லாதது", "டி.ஏ.சி உள்ளது" என்ற ஒட்டு சில குப்பிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. மோட் ஜி.ஆர்.எஃப் என்ற இன்னொரு பெயரும் கொக்கி இல்லாததற்கு உண்டு. ஒன்று அன்றாடம் போடத்தக்க அளவில் விரைவாக நீங்குவது. மற்றொன்று வாரக்கணக்கில் தங்குவது. முதலாவதுக்காக யாரோ சொன்ன தினசரிக் கணக்கை, குப்பியில் இரண்டாவது இருக்கும்போது பின்பற்றினால், ஒவ்வொரு நாளும் போட்டது முந்தைய நாள் போட்டதன் மேல் ஏறி அடுக்கிக்கொண்டே போகும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைத் தூள். நான் வேலை செய்யும் கடையில் ஒரு மருந்தின் சாதாரண வடிவத்தையும் மெதுவாகக் கரையும் வடிவத்தையும் தனித்தனி அலமாரியில் வைக்கிறோம். பெயருக்குப் பின்னால் வரும் எஸ்.ஆர் என்ற இரண்டெழுத்தை இருமுறை படித்த பிறகே அட்டையை வெட்டிக் கொடுக்கிறோம். அந்த எச்சரிக்கை இங்கே அறவே இல்லை.

நீண்ட நாள் வடிவம் ஏன் மருந்தாகவே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்புக்காகவே சி.ஜே.சி-1295-ஐயும் இரண்டாம் கட்ட ஆய்வில் சோதித்தார்கள். 2006-இல் பங்கேற்பாளர் ஒருவர் மாரடைப்பால் இறந்ததும் ஆய்வு நிறுத்தப்பட்டது. அவருக்கு முன்பே இதயக் குழாய் நோய் இருந்திருக்கலாம், மருந்தே காரணம் என்று சொல்வதற்கில்லை என்பது அவரைக் கவனித்த மருத்துவரின் கருத்தாக அப்போது வெளியானது. ஆகவே மருந்து அவரைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் அதன் பிறகு அந்த ஆய்வு முழுமை பெறவில்லை என்பதும், எந்த நாட்டிலும் சிகிச்சைக்கான மருந்தாக அது சந்தைக்கு வரவில்லை என்பதும் உண்மை. ஆரோக்கியமானவர்களிடம் சில வாரங்கள் நடந்த ஆய்வுகளின் எண்களை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் "கோர்ஸ்" போடும் பழக்கத்தை நியாயப்படுத்துவது, இல்லாத பாலத்தின் மேல் நடப்பதற்குச் சமம் என்பதை நான் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

இதே கடையில் இன்னொரு மருந்துக் குடும்பத்தின் பெயரும் அடிபடுகிறது. ஜி.எச்.ஆர்.பி-6, ஜி.எச்.ஆர்.பி-2, இபமோரெலின் முதலியவை தூண்டு ஹார்மோனின் வாசலைத் தட்டுவதில்லை. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இரைப்பை ஹார்மோனின் வாசலைத் தட்டுகின்றன. ஜி.எச்.ஆர்.பி-6 எடுத்தவர்களுக்குப் பசி கொன்றெடுப்பது இதனால்தான். இபமோரெலின், கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனை அதிகம் உயர்த்துவதில்லை என்பதால் மென்மையானது என்று பெயர் வாங்கியிருக்கிறது. இவை குறுகிய நேரத்தவை. இந்தக் குடும்பத்தில் நீண்ட நேர வடிவத்துக்கு இணையாகச் சொல்லத்தக்கது, பெப்டைடு அல்லாத, வாயால் விழுங்கக்கூடிய எம்.கே-677, ஒரு நாளைக்கு ஒரு முறை எடுத்தாலே போதும். நீண்ட நேரத் தூண்டுதலின் பலன் என்ன என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த சாட்சியமும் அதைப் பற்றியதே. 60 முதல் 81 வயது வரையிலான ஆரோக்கியமான 65 பேரிடம் நடத்தப்பட்ட இரண்டாண்டு ஆய்வு 2008-இல் வெளியானது. வளர்ச்சி ஹார்மோனும் ஐ.ஜி.எஃப்-1-உம் இளமைக்கால அளவுக்கு உயர்ந்தன. கொழுப்பு நீங்கலான உடல் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டி ஏறியது. ஆனால் வலிமை கூடவில்லை, அன்றாடச் செயல்திறன் கூடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியது, இன்சுலின் உணர்திறன் குறைந்தது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு, இதயச் செயலிழப்பு தொடர்பான அறிகுறிகள் தென்பட்டதால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆய்வகத் தாளில் ஓர் எண் உயர்வதும் உடல் வலுப்பெறுவதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வை நான் படித்ததில்லை. எடையில் ஏறிய கிலோவில் தேங்கிய நீருக்கும் பங்கு உண்டு என்பதைப் பயிற்சியாளர்கள் தங்களிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நீண்ட நாள் வடிவம் என்பதாலேயே ஒரு மருந்து கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வளர்ச்சி ஹார்மோன் உண்மையாகவே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஹார்மோனையே தினந்தோறும் ஊசியாகப் போடுவதுதான் நெடுங்காலச் சிகிச்சை. தினமும் குத்தப்படும் ஒரு குழந்தையின் தாய் எங்கள் கடைக்கு வரும்போது அவர் முகத்தில் தெரியும் சோர்வை நான் பார்த்திருக்கிறேன். சொமாபசிட்டான், லோனாபெக்சொமாட்ரோபின், சொமாட்ரோகான் என்று வாரம் ஒருமுறை போடும் வளர்ச்சி ஹார்மோன் வடிவங்கள் 2020 முதல் 2023 வரையிலான ஆண்டுகளில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அத்தகைய குடும்பங்களுக்கு உண்மையான நிம்மதி. அவற்றில் ஒன்றான சொமாபசிட்டான் பற்றிக்கொள்வதும் அதே அல்புமினைத்தான், ஆனால் விடுபடக்கூடிய பிணைப்பால். அவை தினசரி ஊசியுடன் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டு, ஊசி போட்ட எத்தனையாவது நாளில் ஐ.ஜி.எஃப்-1-ஐ அளக்க வேண்டும் என்பது வரை ஆராயப்பட்டு, குறைபாடு உறுதியானவர்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுகின்றன. குறைவை நிரப்புவதும் நிறைவாக இருப்பதை வழியவிடுவதும் வேறு வேறு வேலைகள்.

குப்பியின் தரத்தைப் பற்றியும் ஒரு மருந்தாளுநராகச் சொல்ல வேண்டியது உண்டு. இப்பெப்டைடுகள் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற ஒட்டுடன் கூரியரில் வருகின்றன. கத்திரி வெயிலில் ஒரு பார்சல் மாதவரத்துக் கிடங்கிலும் டெலிவரிப் பையிலும் எத்தனை நேரம் கிடந்தது என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை. தூளாக இருக்கும்வரை ஓரளவு தாங்கும். தண்ணீரில் கரைத்த பிறகு குளிரில் இல்லாவிட்டால் சிதையத் தொடங்கிவிடும். தொகுதி எண் இருக்கும், ஆனால் அதற்குப் பொறுப்பேற்கும் உற்பத்தியாளரின் உரிம எண் இருக்காது. ஊசி மருந்துக்கு இன்றியமையாத கிருமிநீக்கமும், கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சுக்கான சோதனையும் நடந்ததா என்பதற்குக் குப்பியின் மேல் சான்று எதுவும் கிடையாது. ஒரு குப்பியை நண்பர்கள் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது; ஊசி முனை மாறினாலும் குப்பி பொதுவாக இருந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி கிருமியும் பரவ வழி உண்டு.

வடசென்னைக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. குத்துச்சண்டையும் பளுதூக்குதலும் கால்பந்தும் இங்கே வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. ரயில்வேயிலோ காவல் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்து ஒரு குடும்பமே நிமிர்ந்த வரலாறு ஏறத்தாழ எல்லாத் தெருவிலும் உண்டு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில் செர்மோரெலின், டெசாமோரெலின், சி.ஜே.சி-1295, இபமோரெலின், எம்.கே-677 எல்லாமே போட்டி நேரத்தில் மட்டுமல்லாமல் எப்போதும் தடை செய்யப்பட்டவை. குறுகிய நேரமா நீண்ட நேரமா என்ற வேறுபாடு அங்கே இல்லை. முதல் முறை பிடிபட்டாலே நான்கு ஆண்டுகள் வரை தடை விதிக்கப்படலாம். பத்தொன்பது வயதில் விதிக்கப்படும் நான்காண்டுத் தடை, வேலைக்கான வயது வரம்பையே தின்றுவிடும். "சீக்கிரம் போயிடும், டெஸ்ட்ல வராது" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் அந்த நான்காண்டுகளுக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள்.

எனவே, டெய்லியா வாரத்துக்கு ஒன்றா என்று என்னைக் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: உடலில் குறைபாடு இல்லாதவருக்கு இரண்டும் வேண்டாம். இரண்டில் எது குறைந்த தீங்குடையது என்று வற்புறுத்திக் கேட்டால், விரைவாக நீங்குவதுதான் என்று சொல்வேன். ஆனால் கையிலிருக்கும் குப்பியில் இருப்பது அதுதானா என்பதை உறுதிசெய்ய வழியில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்வேன்.

ஏற்கெனவே நீண்ட நாள் வடிவத்தைப் போட்டுவிட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டியதில்லை. கடைசி ஊசி போட்ட தேதியையும் குப்பியில் எழுதியிருந்த பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குப்பி இருந்தால் எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு, பொது மருத்துவரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அவர் உங்கள் தந்தையிடம் போய்ச் சொல்லப் போவதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ஐ.ஜி.எஃப்-1-ஐயும் எப்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனை மட்டும் இங்கே போதாது, ஏனெனில் சில வாரங்களில் நேர்ந்த ஏற்றம் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடக்கூடும். முதல் சோதனை நன்றாக வந்தாலும், மருந்து ஒரு மாதம் வரை உடலில் வேலை செய்யக்கூடியது என்பதால், நான்கு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கிடையில் கை மரத்தல், ஓயாத தலைவலி, பார்வை மங்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் போதல், நெஞ்சில் அழுத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்த நான்கு வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே செல்லுங்கள். நெஞ்சு அழுத்தம் என்றால் ஓ.பி. நேரத்தையும் எதிர்பார்க்காமல், எந்த நேரமானாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.